சுழன்றால்தான் நிஜமா? ரேசிங் சிம் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரேசிங் சிமுலேஷன் கேம்களுக்கு ஃபிசிக்ஸ் எழுதும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

இந்த மடல் ஜப்பானின் சுசூகா ரேஸ் ஓடுதளத்தின் முதல் வளைவைப் பற்றியது. 5.807 கி.மீ. ஓடுதளத்தில் மற்ற வளைவுகள் மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. (எஸ் வளைவுகளைப் பற்றி வாயைத் திறந்தால் அது என் ஓட்டும் லட்சணத்தைப் பற்றிய புகாராகிவிடும்.) முதல் வளைவு வேறு ரகம். நேர்பாதை முடிகிற இடத்தில் வேகம் குறையாமலே வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பியபடியே பிரேக் பிடிக்க வேண்டும். போகப் போக வளைவு இறுகி இரண்டாவது வளைவாகிவிடும். "முதலில் வேகத்தைக் குறை, அப்புறம் திருப்பு" என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தந்தது இங்கே உதவாது. பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைக் கூட்ட வேண்டும். டிரெய்ல் பிரேக்கிங் என்பது அதுதான்.

உங்களில் ஒருவர் செய்த கேமை வாங்கினேன். பெயர் வேண்டாம். ஓட்டுவதற்குக் கேம் தரும் எல்லா உதவிகளையும் அணைத்து, 'முழு நிஜம்' என்ற மோடில் மூன்று வாரம் ஓட்டினேன். பிரேக்கில் கால் ஒரு நூல் கூடினாலும் வண்டி சுழன்று மணலில் போய் நின்றது. நூறு தடவையாவது நின்றிருக்கும். நண்பர்களிடம் புலம்பினால், "கஷ்டமாத்தான்டா இருக்கும், அதுதானே நிஜம்" என்கிறார்கள். அந்த 'அதுதானே'வோடுதான் என் சண்டை.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு எடை மாற்றம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டிரைவர் பிரேக்கை அழுத்தினால் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவர் மேல் சாய்வார். காரிலும் அதே கதைதான். 1000 கிலோ வண்டி, எடை முன்னும் பின்னும் சரிபாதி, அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான அளவுக்குப் பிரேக் பிடித்தால் 200 கிலோ முன்பக்கம் போகும். முன்னே 700, பின்னே 300. ஆகவே பின்பக்கம் லேசாகி அசைவதில் தப்பே இல்லை, அசையத்தான் வேண்டும். அந்த அசைவால்தான் காரின் மூக்கு வளைவுக்குள் வருகிறது. அசைந்த பிறகு உங்கள் கேமில் நடப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காய்ந்த தார்ச்சாலையில் டயர் தன் பிடிமானத்தின் உச்சத்தைத் தாண்டினால் அது மெல்லச் சரியும். பெரும்பகுதி கையில் மிச்சமிருக்கும். காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டே முழு வளைவையும் ஓட்டிக் காட்டும் டிரிஃப்ட் போட்டிகள் ஜப்பானில் எப்படி நடக்கின்றன? அந்த மிச்சத்தில்தான். உங்கள் கேமிலோ உச்சத்துக்கு அடுத்த அடியில் படிக்கட்டே இல்லை. ஏன் என்று ஊகிக்க முடிகிறது. டச்சுப் பொறியாளர் ஹான்ஸ் பசெய்க்காவின் 'மேஜிக் ஃபார்முலா'வை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சோதனையில் அளந்த டயர் எண்களுக்குப் பொருந்துகிற வளைகோடு அது. அளவுகள் உள்ள இடம் வரைக்கும் அழகாகப் பொருந்தும். உச்சத்துக்கு அப்பால், அளக்காத வால்பகுதியில் எண்ணைப் போடுவது ஃபார்முலா அல்ல, நீங்கள்.

இன்னொரு கணக்கு. டயரின் மொத்தப் பிடிமானம் ஒரு வட்டம் என்றால், அதில் 60 விழுக்காட்டைப் பிரேக்குக்குக் கொடுத்த பிறகு திரும்புவதற்கு மிஞ்சுவது 40 அல்ல, 80. பள்ளிக்கூடத்து 3-4-5 முக்கோணம்தான். டிரெய்ல் பிரேக்கிங் என்ற வித்தையே அந்தக் கூடுதல் 40-ல் பிழைக்கிறது. நான் வாங்கிய கேமில் கார் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால், யாரோ மளிகைக் கடைக் கணக்கு மாதிரி நூறிலிருந்து அறுபதைக் கழித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஸ்டியரிங் விஷயத்துக்கு வருகிறேன். படிக்கும் மேசையின் விளிம்பில், பழைய துணியை மடித்து வைத்து, செகண்ட் ஹேண்ட் ஸ்டியரிங் ஒன்றை இறுக்கி ஓட்டுகிறேன். நிஜக் காரில் முன் டயர் எல்லையை நெருங்கும்போது ஸ்டியரிங்கைத் தானாக நேராக்கும் விசை, பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே குறைய ஆரம்பிக்கும். கையில் ஒரு கனம் இருக்கும்; திடீரென அது கரையும். 'இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது' என்று டயர் சொல்லும் சேதி அது. நீங்கள் அந்த இடத்தில் கடகடவென்று ஒரு அதிர்வை வைத்திருக்கிறீர்கள். என் மேசை ஆடுகிறது, பேனா உருண்டு விழுகிறது, அடுத்த அறையிலிருந்து அம்மா என்ன சத்தம் என்கிறார். டயரின் சேதி மட்டும் வரவில்லை.

கேம்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. கேம் ஆடுபவர்களிலிருந்து நிஜ ரேஸ் ஓட்டுநரைத் தேடிய ஜிடி அகாடமி போட்டியில் 2008-ல் கேம் ஆடி ஜெயித்த லூக்காஸ் ஓர்டோன்யெஸ், 2011-ல் பிரான்சின் லே மான் 24 மணி நேரக் கார்ப் போட்டியில் எல்எம்பி2 என்ற ரேஸ் கார் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். கையும் காலும் உங்களிடம் பழகுகின்றன. தப்பாகப் பழகினால் ஓடுதளத்தில் முதலில் அதை மறக்க வேண்டியிருக்கும்.

உதவிகளைத் திணிக்கச் சொல்லவில்லை. 1998-ல் வந்த கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் என்ற கேம் 1967-ம் ஆண்டின் இறக்கையில்லாத கார்களைத் தந்தது. புதிதாக ஓட்டியவர்களைப் படாதபாடு படுத்தியது. ஆனால் வழுக்கும்போதும் கார் என் கையில் இருந்தது. அந்தக் கஷ்டம் எனக்குப் பிடிக்கும். அடுத்த அப்டேட்டில் வால்பகுதியின் எண்களைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு டயரின் ஸ்லிப் ஆங்கிளையும் (டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையிலான கோணம்) திரையில் பார்க்க ஒரு வழி கொடுங்கள். அந்த அதிர்வைத் தனியாக அணைக்க ஒரு பொத்தான் வையுங்கள். பொத்தான் மட்டும் முதலில் வந்தாலும் சரி, வீட்டில் நிம்மதி.

இப்படிக்கு,
சுசூகா மணலில் இன்னும் நிற்கும் ஒருவன்

பி.கு.: கேம்பேடில் ஆடினால் இதே வளைவில் கார் சுழல்வதே இல்லை. பின்னணியில் ஏதோ ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறது. 'முழு நிஜம்' என்ற பெயர்ப்பலகை மட்டும் அங்கேயும் அப்படியே தொங்குகிறது.