இங்கிலாந்துல படிக்கிற பிள்ளை ஹீட்டிங் ஓடலன்னு சொன்னா சும்மா விட்டுறாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைய இங்கிலாந்துக்கு படிக்க அனுப்புறப்ப ஸ்வெட்டர், ரசப்பொடி, ரைஸ் குக்கர்னு எல்லாம் பார்த்துப் பார்த்து கட்டிக் குடுக்கறோம், ஆனா அங்க வாடகைக்கு எடுக்கற பழைய வீட்டுல சென்ட்ரல் ஹீட்டிங் நின்னு போச்சுன்னா என்ன பண்ணணும்னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கறதில்ல. நான் மலேசியாவுல பிறைங்கற ஊர்ல ஃபேக்டரி பாய்லர் பார்த்து ரிட்டயர் ஆனவன். என் மகள் ஷெஃபீல்டுல படிக்கிறா, கூட்டாளிங்களோட சேர்ந்து ஒரு பழைய டெரஸ் வீட்டுல இருக்கா. போன ஜனவரியில ஹீட்டிங் இல்லாம எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டே படுத்திருக்காங்க, ஏம்மா வீட்டுக்காரர்கிட்ட சொல்லலன்னு கேட்டா டெபாசிட்ல பிடிச்சுருவாரோன்னு பயமாம். நம்மகிட்டயும் சொல்ல மாட்டாங்க, அப்பா அம்மா கவலைப்படுவாங்கன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவாங்க. இந்த விஷயம் மத்த பெத்தவங்களுக்கும் தெரியணும்னுதான் எழுதறேன்.

மெஷின் ஒண்ணும் பெரிய மர்மம் இல்லங்க. கேஸ் பாய்லர் தண்ணிய சூடாக்கும், பம்பு அத பைப்பு வழியா ரூமுக்கு ரூம் இருக்கற ரேடியேட்டருக்கு தள்ளும், ஆறின தண்ணி திரும்ப பாய்லருக்கே வந்துரும். ஓடலன்னா மொதல்ல சின்ன விஷயத்த பாருங்க: கேஸ் மீட்டர் ப்ரீபெய்டா இருந்தா காசு தீர்ந்திருக்கலாம், செவுத்துல இருக்கற தெர்மோஸ்டாட்ல பேட்டரி செத்திருக்கலாம், டைமர் மாறியிருக்கலாம். அதெல்லாம் சரின்னா அடுத்தது பைப்புக்குள்ள இருக்கற தண்ணியோட பிரஷர், அதாவது அழுத்தம்.

எங்களுக்கு இங்க ராத்திரி ரெண்டு மணி, அங்க சாயங்காலம் ஆறு, வீடியோ கால்ல பாய்லருக்கு அடியில பிரஷர் காட்டற கேஜ காட்டுன்னு சொன்னேன், பிரஷர ‘பார்’ங்கற அளவுலதான் சொல்றது, முள்ளு அரை ‘பார்’ அளவுக்கும் கீழ படுத்திருக்கு. ஆறின நிலையில அது 1லேர்ந்து 1.5 பார் வரைக்கும் நிக்கணும், சூடானா கொஞ்சம் ஏறும், அது இயல்பு. பாய்லருக்கு கீழ வெள்ளிக் கம்பி பின்னின மாதிரி ஒரு சின்ன ஹோஸ், அதோட முனையில குட்டி வால்வுங்க, மெதுவா திற, தண்ணி ஓடற சத்தம் கேட்கும், முள்ளு 1.2க்கு வந்ததும் எல்லாத்தையும் இறுக்கி மூடுன்னு சொன்னேன், அதே மாதிரி செஞ்சா, ரீசெட் பண்ணதும் பாய்லர் பிடிச்சுக்கிச்சு. ஆனா சில பாய்லருக்கு இந்த வால்வு வேற மாதிரி இருக்கும், மேனுவல பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

கொஞ்ச நாள்ல முள்ளு திரும்ப இறங்கிருச்சு. இங்கதான் நெறைய பேரு திரும்பத் திரும்ப தண்ணி ஏத்திக்கிட்டே இருப்பாங்க, அது கூடவே கூடாது, மூடின சிஸ்டத்துல தண்ணி குறையுதுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், அதோட ஒவ்வொரு தடவை புதுத் தண்ணி உள்ள போறப்பவும் ஆக்சிஜனும் சேர்ந்து போயி ரேடியேட்டர் இரும்ப உள்ளேர்ந்து அரிச்சுரும். ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வு நட்டுலயும் டிஷ்யூ பேப்பர ஒத்திப் பாருன்னு சொன்னேன். பின் ரூம்ல ஒரு நட்டுல பச்சையா பாசி மாதிரி பூத்திருந்திச்சு, டிஷ்யூ நனைஞ்சிருச்சு. அத போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினப்புறம்தான் ஆள் வந்திச்சு. இதுவே சூடானா முள்ளு 3 வரைக்கும் ஏறி, ஆறினா சுழிக்கு இறங்குதுன்னா சூடாகி விரியற தண்ணிக்கு இடம் குடுக்கற காத்து டப்பா, எக்ஸ்பான்ஷன் வெசல்னு பேரு, அதுல காத்து போயிருக்கலாம், அது பிள்ளைங்க கை வைக்கற வேலை இல்ல.

ரேடியேட்டர் மேல குளிர்ந்து கீழ சூடா இருந்தா உள்ள காத்து, ஹீட்டிங்க ஆஃப் பண்ணி ஆறவிட்டு, துணிய பிடிச்சுக்கிட்டு ரேடியேட்டர் மேல் ஓரத்துல இருக்கற குட்டி வால்வ அதுக்குன்னு இருக்கற சாவியால லேசா திறந்தா புஸ்ஸுனு காத்து போகும், தண்ணி வந்ததும் மூடிட்டு திரும்ப பிரஷர பாக்கணும். மேல சூடா கீழ குளிர்ந்தா அடியில கறுப்புச் சகதி தங்கியிருக்கு, அத கழுவித்தான் எடுக்கணும். உறையற குளிர்ல திடீர்னு பாய்லர் லாக் ஆயி கொடகொடன்னு சத்தம் வந்தா, பாய்லர்ல சேர்ற கழிவுத் தண்ணிய வெளியில கொண்டு போற பிளாஸ்டிக் கண்டென்சேட் பைப்ல தண்ணி உறைஞ்சிருக்கும், கைக்கு எட்டற உயரத்துல இருந்தா வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி ரீசெட் பண்ணலாம், கொதிக்கிற தண்ணி வேணாம்.

இதோட நிறுத்திக்கணும். பாய்லர் மூடிய மட்டும் எந்தப் பிள்ளையும் திறக்கக் கூடாது, கேஸ் வேலை செய்யறவங்களுக்குன்னு அங்க இருக்கற கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்ல பதிவான ஆள்தான் திறக்கணும், வந்தவர்கிட்ட கார்டு காட்டுங்கன்னு கேட்கறதுல கூச்சமே வேணாம். நீல நிறத்துல எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளா எரியறது, பாய்லர் பக்கத்துல கரி படியறது, வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, வாந்தி, வெளிய போனா சரியாயிடறது, இதெல்லாம் கார்பன் மோனாக்சைடு அறிகுறி. வாடை இல்ல, நிறம் இல்ல, தூக்கத்துலயே ஆள கொன்னுரும். ஃப்ளூ காய்ச்சல்னு நெனச்சு கதவ சாத்திக்கிட்டு படுத்துக்கிட்டா என்ன ஆகறது? இந்த வாயு வந்தா சத்தம் போடற கார்பன் மோனாக்சைடு அலாரம் கொஞ்சக் காசுதான், வீட்டுல இல்லாட்டி வாங்கி மாட்டச் சொல்லுங்க. குளிருதுன்னு கரி அடுப்பு, பார்பிக்யூ எதையும் ரூமுக்குள்ள வைக்கக் கூடாது, அதுலயும் இதே வாயுதான்.

வீட்டுக்காரர்கிட்ட பயப்பட ஒண்ணுமே இல்ல. ஹீட்டிங்கயும் சுடுதண்ணியையும் ரிப்பேர் பண்ணிக் குடுக்கறது அங்க 1985ஆம் வருஷ வாடகைச் சட்டத்துலயே அவர் கடமை. 1998 கேஸ் விதிப்படி அவரோட கேஸ் சாமான்கள வருஷத்துக்கு ஒரு தடவை செக் பண்ணி, அந்த ரெக்கார்டோட காப்பிய குடியிருக்கறவங்களுக்கு குடுக்கணும். இழுத்தடிச்சா எல்லாத்தையும் ஈமெயில்ல எழுதி வச்சுக்கிட்டு யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட் யூனியனுக்கும் அப்புறம் உள்ளூர் கவுன்சிலுக்கும் போகலாம்.

செப்டம்பர்ல போற பிள்ளைங்க வீட்டுக்குள்ள போன மொத வாரமே ஹீட்டிங்க போட்டுப் பார்த்துரணும், டிசம்பர் வரைக்கும் விட்டுறக் கூடாது. கேஸ் வாடை அடிச்சாலோ அந்த அலாரம் அடிச்சாலோ ஜன்னலத் திறந்துட்டு வெளிய வந்து கூப்பிட வேண்டிய இலவச நம்பர் 0800 111 999, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. ஆசிரியர் இந்தக் கடிதத்த பிள்ளைங்க பெட்டி கட்டற சமயத்துல போட்டா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர்மேன்,
ஜெலுத்தோங், பினாங்கு