என் சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள்

எங்கள் காட்பாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் "இந்த வருஷம் தரமான பாட்டு மட்டும்தான்" என்று முடிவு செய்தோமே, அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, பிடித்த பாட்டு மூன்று எழுதச் சொன்னீர்கள். இரண்டு இளையராஜா, ஒரு எம்.எஸ்.வி. என்று எழுதினேன். செயலாளர் சார் வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க டேஸ்டே தனி சார்" என்றார். அதற்கு நான் அடக்கமாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

அந்த மூன்று பாட்டும் எனக்குப் பிடிக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் தனியாக வண்டி ஓட்டும்போதும், வீட்டில் யாரும் இல்லாமல் வெங்காயம் நறுக்கும்போதும் நான் போட்டுக் கேட்பது வேறு. டி. ராஜேந்தர், தேவா, அப்புறம் பெயர் சொன்னால் நீங்கள் முகம் சுளிக்கக்கூடிய குத்துப் பாட்டுகள்.

செயலாளர் சார், போன வருஷம் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு என் காரில் போனோம், நினைவிருக்கிறதா? பள்ளிகொண்டா டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு நின்றபோது, என் போன் தானாக ப்ளூடூத்தில் ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் பாதியில் விட்ட பாட்டு, விசிலும் தவிலுமாக, விட்ட இடத்திலிருந்து முழுச் சத்தத்தில் ஆரம்பித்தது. பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் பதறிப்போய் அணைத்துவிட்டு, "பையன் எதையோ ஏத்தி வெச்சிருக்கான் சார்" என்றேன். பையன் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். அவன் கேட்பது கொரியப் பாட்டு.

இந்த வெட்கத்தின் ஊரைத் தேடிப் போனால் குடியாத்தத்தில் ஒரு கேசட் கடை வாசலில் போய் நிற்கிறது. கல்லூரியில் படித்த காலம். வெறுங்கேசட் வாங்கி, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு பிடிக்கும். ஏழாவதைத் திணித்தால் சரணத்தின் நடுவில் டக்கென்று நின்றுவிடும். நான் பதினொரு பாட்டு 'நல்ல' பாட்டாக எழுதி, பன்னிரண்டாவதாகத் தேவாவின் கானா ஒன்றைக் கொஞ்சம் பொடி எழுத்தில் எழுதியிருந்தேன். கடைக்கார அண்ணனின் பேனா வரிவரியாக இறங்கி வந்து அங்கே நின்றது. "இது உனக்கா, தம்பி?" "இல்லண்ணா, பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாங்க." அடுத்தவர் தலையில் கட்டும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

ஆனால் அந்தத் தாளம் எனக்குள் வந்தது கேசட் கடையில் அல்ல. அப்பா லுங்கி நெய்தவர். எங்கள் தெருவில் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற பாட்டுதான் பாட்டு. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்குப் பல நாள் முன்பே மைக்செட் கட்டி, விடியற்காலையில் எல்.ஆர். ஈஸ்வரியைப் போட்டுவிடுவார்கள். பம்பையும் உடுக்கையும் நெஞ்சில் இடிக்கும். அந்த ஈஸ்வரிதான் சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டுகளையும் பாடியவர். ஆடி மாதத்தில் நம் குடியிருப்புக் கோயிலில் அவர் குரல் பக்தி. பொங்கல் மேடையில் அதே குரல் தரம் குறைந்ததாகிவிடுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் ஒட்டியிருக்கும் நிகழ்ச்சி நிரலில் முதல் வரி, காலை ஐந்தரை மணிக்குக் கந்த சஷ்டி கவசம். (காலை ஆறு மணிக்கு முன்னால் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பது சட்டம். அது கிடக்கட்டும்.) 1995-இல் வந்த 'ஆசை' படத்துப் பாட்டு ஒன்றைக் கவசத்தின் மெட்டிலிருந்துதான் எடுத்தேன் என்று தேவாவே மேடையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். காலையில் கும்பிட்ட மெட்டு சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால், வாசலில் நிறுத்திவைப்பதா?

நீங்கள் செய்வது புதிதும் இல்லை. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தையே தள்ளிவைத்தது. தடை முப்பது வருஷம் நீடித்தது. அந்த முப்பது வருஷமும் நம் வட ஆற்காட்டுக் கிராமங்களில் விடிய விடியக் கூத்து நடந்தது, ஆர்மோனியப் பெட்டியும் முகவீணையுமாகத்தான். 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அதன் நேரத்தை வெட்டினார். ஜனங்கள் சண்டைக்கா போனார்கள்? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி வானொலியைத் தொடங்கி, அரசாங்கமே இறங்கி வந்தது. நம் குடியிருப்பில் முள் திருப்பவும் தேவையில்லை. ஆளுக்கொரு இயர்போன் இருக்கிறது. பாட்டு நின்றுவிடாது. விழாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தனித்தனியாகக் கேட்போம்.

எல்லாக் குத்துப் பாட்டுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பெண்களைக் கேவலப்படுத்துகிற வரிகள் இருக்கின்றன, சாதிப் பெருமை பேசுகிறவையும் இருக்கின்றன. அவற்றை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், நானும் கை தூக்குகிறேன், இந்த முறை மனசார. ஆனால் 'தரம்' என்ற ஒரே துணியால் எல்லாவற்றையும் மூடினால், மெல்லிசை மேடையில் ஏறிவிட்ட எத்தனையோ மோசமான வரிகள் தப்பித்துக்கொள்கின்றன. வயலின் வைத்துச் சொன்னால் வசவு வாழ்த்தாகிவிடாது.

ஆகவே என் பழைய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். புதியது இது: டி. ராஜேந்தர் ஒன்று, தேவாவின் கானா ஒன்று, எல்.ஆர். ஈஸ்வரி ஒன்று (சினிமாவில் பாடியது). இளையராஜா, எம்.எஸ்.வி. இருவரையும் எடுத்துவிட வேண்டாம், நான் எழுதாவிட்டாலும் அவர்கள் வந்துவிடுவார்கள்.

காணும் பொங்கலன்று சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை மைக்செட்டை எங்களிடம் விடுங்கள். 'எங்களிடம்' என்றால் யார் யார் என்று கேட்பீர்கள். ஏ பிளாக்கில் ஒருவர், கீழ்த்தளத்துப் பாட்டி, எதிர்வீட்டு வங்கி மேடம். பேச்சுக் கொடுத்ததில் மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். மைக்செட்டுக்காரரையும் விசாரித்துவிட்டேன், அவரிடம் எல்லாம் இருக்கிறதாம்.

செயலாளர் சார், டோல்கேட்டில் நான் பாட்டை அணைத்தபோது உங்கள் விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அணைத்த பிறகும் இரண்டு தட்டுத் தட்டியது.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாம் மாடிக்காரன்