அப்பா பார்க்க வேண்டிய கல்

மாதுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நலம். தம்பி அனுப்பிய படத்தில் அப்பா கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறார். சாப்பாட்டு நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. தினம் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று அப்பா கேட்பார். நேற்றுப் பார்த்ததைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதுவும் அப்பா இதை நிதானமாக, வேண்டிய இடத்தில் நிறுத்தித் திரும்பப் படிக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பா மகள் நேற்றுக் காலை வந்தாள். முதுகில் தன் எடையில் பாதிக்கு ஒரு பேக்பேக். அஜந்தாவும் எல்லோராவும் பார்த்துவிட்டு, ஔரங்காபாத்தில் இரவு ரயில் ஏறி இங்கே சிஎஸ்எம்டி என்கிற பெரிய ஸ்டேஷனில் இறங்கினாள். இரவே தாதரில் அடுத்த ரயில். நடுவில் ஒரு பகல் எங்களுக்கு. சித்தியிடம் சொல்லுங்கள், பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். வெயிலில் கறுத்திருக்கிறாள், அவ்வளவுதான். தனியாக ஊர் சுற்றுகிற பயம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. அவளைப் பார்த்ததும் எனக்கே தைரியம் வந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே வடா பாவ் வாங்கிப் பசியாறினோம். உருளைக்கிழங்கு போண்டாவை ரொட்டிக்குள் வைத்துப் பூண்டுப் பொடி தூவித் தருவார்கள். இங்கே பாதி ஊர் காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு ஓடுகிறது. அப்புறம் டாக்சி பிடித்து கேட்வே ஆஃப் இந்தியா போய், குகைக் கோயில் இருக்கும் எலிஃபண்டா தீவுக்குப் படகு ஏறினோம். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். நல்லவேளை அவள் வந்தது சனிக்கிழமை.

படகுப் பயணம் ஒரு மணி நேரம். ஒரு பக்கம் கடற்படைக் கப்பல்கள், இன்னொரு பக்கம் எண்ணெய்க் கப்பல்கள், நடுவில் எங்கள் மரப்படகு ஆடிக்கொண்டே போனது. எல்லோராவில் பார்த்த கைலாசநாதர் கோயிலைப் பற்றி அவள் வழி முழுக்கப் பேசினாள். ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து, கோபுரத்தை முதலில் முடித்து, தரையைக் கடைசியில் தொட்டிருக்கிறார்கள். ராஷ்டிரகூடர் காலம், எட்டாம் நூற்றாண்டு. “பெரியப்பா இதைப் பார்க்கணும்க்கா” என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

எங்கள் பக்கத்து பெஞ்சில் தாராவியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம். பாட்டி, மகள், பேரன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாட்டி இந்த ஊரில்தான் இருக்கிறாராம், தீவுக்கு வருவது இதுதான் முதல் தடவையாம். நான் மலேசியா என்றதும், “அங்கயும் நம்ம ஆளுங்கதானா?” என்று கேட்டார். நம் ஈப்போவின் கல்லுமலைக் கோயில், பத்துமலை, தைப்பூசம் என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குத் திருப்தி. அப்புறம் எங்களைவிட்டு அவர் நகரவே இல்லை.

படகுத் துறையிலிருந்து ஒரு குட்டி ரயில் மலையடிவாரம் வரைக்கும் போகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 120 படி. பத்துமலையில் 272 ஏறின உங்களுக்கு இது ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்காலுக்கு டோலி இருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். படியின் இரண்டு பக்கமும் கடை. ஒரு கடைக்கார அம்மா தங்கச்சியின் பையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் கடையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவருக்கு மராத்தி, எனக்கு அரைகுறை இந்தி. இருந்தாலும் பேச்சு நடந்தது. வெளிநாட்டுக்காரருக்கு டிக்கெட் 600 ரூபாய். எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார், சிரித்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அப்பா, இனி வருவது உங்களுக்கு.

நம் ஈப்போவில் குகை என்றால் தண்ணீர் குடைந்தது. சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணீர் காலங்காலமாகக் கரைத்து உண்டாக்கிய இடத்தில் நாம் சாமியைக் கொண்டுபோய் வைத்தோம். கல்லுமலையும் அப்படித்தான், சீனர்களின் குகைக் கோயில்களும் அப்படித்தான். இங்கே இயற்கை எந்தக் குகையையும் கொடுக்கவில்லை. எரிமலைக் குழம்பு ஓடி இறுகிய கருங்கல், வயது ஆறரைக் கோடி வருஷத்துக்குக் கிட்டே. முழுசாக இருந்த அந்த மலைக்குள் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஆட்கள் புகுந்திருக்கிறார்கள். பெரிய குகை ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள். முன்வாசலிலிருந்து பின்சுவர் 39 மீட்டர். அத்தனையும் கையால் வெட்டி வெளியே அள்ளிப்போட்ட கல்.

கட்டடம் கட்டுகிறவர் தூணை நிறுத்திவிட்டு மேலே கூரை போடுவார். இங்கே வெட்ட ஆரம்பிக்கும்போதே எந்த இடத்தில் தூண் நிற்கும், எந்தச் சுவரில் சாமி வருவார் என்று தெரிந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மீதியை எடுக்க வேண்டும். மூக்குக்கு வைத்த கல் ஒரு அடியில் தெறித்தால் முகமே போச்சு. வெடி வைத்தாலும் கல் நாம் நினைத்தபடி பிளக்காது, அதற்கென்று ஒரு ஓட்டம் இருக்கிறது என்று குவாரியிலிருந்து வந்து நீங்கள் சொல்வீர்களே, அதுதான் தூணுக்குத் தூண் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தூணிலும் மேல்பகுதியில் அமுக்கி வைத்த தலையணைபோல ஒரு உருண்டை, அதில் மெல்லிய வரிகள். எந்தத் தூணிலும் வரி கோணவில்லை. உடைந்துபோன தூண்களுக்குப் பதிலாகப் பிற்காலத்தில் சிலதைப் புதிதாக நிறுத்தியிருக்கிறார்கள். நீங்களாக இருந்தால் வாசலிலிருந்தே எது பழசு, எது புதுசு என்று சொல்லிவிடுவீர்கள்.

பெரிய குகையைத் தாண்டிச் சின்னக் குகைகள் இருக்கின்றன. அங்கே கூட்டம் வருவதில்லை, பலரும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த இடம் முக்கியம். ஒரு சுவரில் மெருகு ஏறாத இடத்தில் உளித் தடம் அப்படியே நிற்கிறது. சாய்வாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, விரல் அகலத்தில். ஓர் இடத்தில் வரிசை நின்று, கொஞ்சம் தள்ளி வேறு சாய்வில் மறுபடியும் தொடங்குகிறது. அங்கே ஆள் மாறினாரா, அவரே இடம் மாறி உட்கார்ந்தாரா? சிலைகளுக்கு முன்னால் நின்றதைவிட அந்தச் சுவருக்கு முன்னால் நான் நின்ற நேரம் அதிகம். செய்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. இங்கே இருந்த ஒரு கல்வெட்டைப் போர்ச்சுகீசியர் பெயர்த்துக் கொண்டுபோய், அது தொலைந்தே போய்விட்டது. எந்த ராஜா வெட்டச் சொன்னார் என்பதே இன்றைக்கும் ஊகம்தான். களசூரி வம்சத்தார் காலம் என்று பலரும் நினைக்கிறார்கள்.

பின்சுவர் நடுவில் சதாசிவர். திரிமூர்த்தி என்றுதான் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். ஆனால் மூன்று முகமும் சிவனுடையதுதான் என்கிறார்கள் படித்தவர்கள். மூன்று ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், அதுவும் மார்பு வரைக்கும்தான். வெளியே வெயிலில் நடந்து வந்த கண்ணுக்கு முதலில் வெறும் இருட்டு. கொஞ்சம் பொறுத்தால் முதலில் கீழ் உதடு தெரிகிறது, அப்புறம் மூடிய கண், அப்புறம் சடைமுடி. நம் இடது பக்கத்து முகத்துக்கு மீசை, நெரித்த புருவம், கையில் பாம்பு, அது பைரவர். வலது பக்கம் பெண்மை கலந்த முகம், கையில் பூ. நடுமுகத்துக்குக் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தங்கச்சி பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்குப் பிடித்தது எது என்று எனக்குத் தெரியும். தெற்குப் பக்கத்தில் கல்யாணசுந்தரர், சிவன் பார்வதி திருமணம். பாட்டி அங்கே போய் நின்றதும் பேரனுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். “பொண்ணு தலையக் குனிஞ்சிருக்கு பாரு, வெக்கம். பின்னால அவ அப்பா, போ தாயின்னு தள்ளி விடுதாரு. கீழ உக்காந்திருக்கது பிரம்மா, ஐயரு வேலை.” பலகையில் எழுதியிருந்ததை அவர் படிக்கவில்லை, படிக்கவும் தெரியாது. கல்யாண வீட்டில் யார் எங்கே நிற்பார் என்பது அவருக்குத் தெரியாதா! இராவணன் கைலாயத்தைத் தூக்கும் காட்சியும் இருக்கிறது அம்மா. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டில் வருவானே, அதே இராவணன். நீங்கள் வெள்ளிக்கிழமை பாடும்போது இனி எனக்கு இந்தச் சுவர்தான் வரும்.

சிலைகளில் பாதிக்குக் கை இல்லை, கால் இல்லை. நடராஜருக்கு எட்டுக் கை இருந்த இடத்தில் பெரும்பாலும் முட்டுகள்தான். ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை, இடுப்பின் வளைவில் இருக்கிறது. போர்ச்சுகீசியச் சிப்பாய்கள் குறி பார்த்துச் சுட்டுப் பழகியதாகச் சொல்கிறார்கள். பல நூற்றாண்டு மழையும் ஈரமும் சேர்ந்திருக்கும். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பூசை நடக்கிறதா என்று அம்மா கேட்பீர்கள். தினப்பூசை கிடையாது. நான்கு பக்கமும் வாசலும் துவாரபாலகர்களுமாக ஒரு கருவறை இருக்கிறது, உள்ளே லிங்கம். விளக்கில்லை, மணியில்லை. பாட்டி மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு மூன்று சுற்று சுற்றினார். நாங்களும் பின்னாலேயே சுற்றினோம். யாரும் தடுக்கவில்லை. ஒரு வாரமாக ஆபீஸில் இருந்த பாரம் குறைந்தது உண்மை.

கரைக்குத் திரும்பி, பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் கொஞ்ச நேரம். பரேலில் 1931-ல் சாலை போடும்போது கிடைத்த சிவன் சிலையின் சுதை வார்ப்பு அங்கே இருக்கிறது. ஒரே கல்லில் சிவனுக்குள்ளிருந்து சிவன் முளைத்து ஏழு உருவம், கீழே இசைக்கும் கணங்கள். அசல் பரேல் கோயிலில் இருக்கிறது. நேரம் போதாமல் அடுத்த தடவைக்கு வைத்துவிட்டோம்.

அங்கிருந்து பைகுல்லா. தீவுக்கு எலிஃபண்டா என்று பெயர் வரக் காரணமான கல் யானை இப்போது அங்கே ராணி பாக் தோட்டத்தில் நிற்கிறது. ஊர்க்காரர்களுக்குத் தீவின் பெயர் காராபுரி. கரையோரம் இந்த யானையைப் பார்த்துத்தான் போர்ச்சுகீசியர் அப்படிக் கூப்பிட்டார்கள். 1864-ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் தூக்கியபோது விழுந்து துண்டு துண்டானது. துண்டுகளைச் சேர்த்து மறுபடி நிறுத்தியது 1914-ல். ஒட்டிய இடங்கள் இன்றைக்கும் தெரிகின்றன. அப்பா, அதன் தோள்பட்டையை நீங்கள் பார்க்க வேண்டும். அத்தனை உடைசலுக்கும் பிறகு அந்த ஓர் இடத்தில் நிஜ யானையின் கனம் இருக்கிறது.

சாயங்காலம் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே மாதுங்கா வந்தோம். இந்த ரயிலுக்கு நான் பழகிவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முன்பே வாசலுக்கு நகர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் கூட்டம் அடுத்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விடும். கடைத்தெருவில் பூக்காரியிடம் தமிழிலேயே பேரம் பேசி இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தங்கச்சிக்கு வைத்துவிட்டேன். வீட்டுக்கார மாமி வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டு, வழிக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார். பணம் பற்றிப் பேச்செடுத்தேன், மாமி காதிலேயே வாங்கவில்லை. இரவு தாதரில் அவளை ஏற்றிவிட்டேன். சித்திக்குப் போன் செய்திருப்பாள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் வெயிலும் சுள்ளென்று இருக்காது. காசி, ராமேஸ்வரம் எல்லாம் அப்புறம் போகலாம், முதலில் இதைப் பாருங்கள். கண்ஹேரியும் இருக்கிறது அப்பா. போரிவலிக் காட்டுக்குள் நூற்றுக்கு மேல் பௌத்தக் குகைகள், மழைத்தண்ணீரைப் பிடிக்கப் பாறையிலேயே வெட்டிய தொட்டிகள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். டிக்கெட் செலவு என்னுடையது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தம்பியிடம் சொல்லி இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் எந்த மாதம் வரைக்கும் செல்லும் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த வாரமே புதுப்பிக்கக் கொடுக்கட்டும். விசா இங்கிருந்தே ஆன்லைனில் நான் போட்டுவிடுகிறேன். வரும்போது நம் ஊர் இறால் விழுது, பெலாச்சான் ஒரு பாக்கெட், இறுக்கமாகக் கட்டி எடுத்துவாருங்கள் அம்மா. மாமி வீட்டில் வாசனை வந்தால் நான் பட்டினிதான். அப்பா, உங்கள் பழைய குவாரி டார்ச் இன்னும் எரிகிறதா? அதையும் கொண்டுவாருங்கள், அந்தச் சின்னக் குகைகளில் வெளிச்சம் போதாது.

அன்புடன்,
உங்கள் மகள்