"வீதத்தைக் கூட்டவில்லை" என்பது பதிலல்ல: திருகோணமலை சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

மறுமதிப்பீட்டுக்குப் பின் சோலைவரி, அதாவது வீடு கட்டடங்களுக்கு உள்ளூராட்சி சபை அறவிடும் வரி, ஏன் இப்படி ஏறியது என்று உங்களைக் கேட்டால், "வீதத்தை நாங்கள் கூட்டவில்லை" என்ற பதில் வருகிறது. பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு.

வரி என்பது வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பான ஆண்டுப் பெறுமதியைச் சபையின் வீதத்தால் பெருக்கி வருவது. உதாரணத்துக்கு ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா, வீதம் நூற்றுக்கு 8 என்று வைப்போம். வருடத்துக்கு 4,800, காலாண்டுக்கு 1,200. மறுமதிப்பீட்டில் பெறுமதி 120,000 ஆனால் வரி 9,600. வீதம் அசையவில்லை, கட்டுகிற காசு இரட்டித்துவிட்டது. சபைக்குப் பழைய வருமானமே போதும் என்றால் 4 வீதம் காணும். 5 வீதம் வைத்தாலும் 6,000தான் வரும்; அந்தக் கால்பங்கு ஏற்றத்தை வீதி விளக்கு, வடிகான், குப்பை வண்டிச் செலவு சொல்லி நியாயப்படுத்தலாம். பெறுமதியைக் குறிப்பது விலைமதிப்புத் திணைக்களம். வீதத்தைத் தீர்மானமாக நிறைவேற்றுவது நீங்கள். இரட்டிப்பைத் தடுக்கும் பிடி உங்கள் கையில்தான் இருக்கிறது.

இனிப் பெறுமதிக்கு வருவோம். ஆண்டுப் பெறுமதி வீட்டின் விற்பனை விலையல்ல. அந்த வீட்டை நியாயமாக வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்ற மதிப்பு. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. உப்புவெளி, அலஸ்தோட்டப் பக்கம் கடலை ஒட்டிய விருந்தினர் விடுதிகளின் வாடகை ஒரு தரம். அதே வீதியில் நாலு ஒழுங்கை உள்ளே, சீற் போட்ட கூரையும் வெளியே மலசலகூடமும் உள்ள குடியிருப்பு வீட்டின் வாடகை வேறு தரம். இரண்டையும் ஒரே பகுதியென்று ஒரே அளவுகோலால் அளந்தால், சுற்றுலாப் பயணியிடம் ஒரு சதமும் வாங்காதவர் விடுதிக்காரரின் வரியைச் சுமப்பார்.

பிழை நுழைய வேறு வழிகளும் உண்டு. வீடு பூட்டிக் கிடந்தால் வெளியில் நின்றே மட்டிட வேண்டிவரும். உடைத்து அகற்றிய பின்கொட்டில் பதிவேட்டில் அப்படியே நிற்கும். சீதனமாகப் பிரித்த வளவில் பழைய வரி இலக்கத்தை மாற்றாமலே பிள்ளைக்குப் புதிய இலக்கம் கொடுத்தால், ஒரே கட்டடம் இரண்டு முறை எண்ணப்படும். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அறிவித்தல் கேற்றில் செருகியபடி கிடக்கும், ஆட்சேபனைக் காலமும் ஓடிவிடும்.

ஆட்சேபனை எழுதும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சபையின் முடிவில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் எதை ஆட்சேபிப்பது? பெறுமதி என்று ஒரு தொகை மட்டும் எழுதிய அறிவித்தலை வைத்து யாரும் வாதாட முடியாது. கட்டடப் பரப்பு எத்தனை சதுர அடி, கூரை ஓடா சீற்றா கொங்கிறீற்றா, குடியிருப்பா வியாபாரமா, சதுர அடிக்கு என்ன வாடகை எடுத்தார்கள், முன்னைய பெறுமதி என்ன, ஆட்சேபனைக்குக் கடைசித் திகதி எது: இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். விசாரணை முடியும்வரை எந்தத் தொகையைக் கட்டவேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தெரியாமல் நிறுத்தி வைப்பவர் நிலுவைக்காரராகி, பொருட்களைக் கைப்பற்றும் ஆணைக்கான செலவும் சேர்ந்து மாட்டுப்படுகிறார்.

வரி கட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. ஆட்சேபனையில் "வரி கூடிப்போச்சு" என்று எழுதினால் பயனில்லை. அயலில் அதே அளவு வீட்டின் வாடகை ஒப்பந்தம், கட்டட வரைபடம், கூரையும் நிலமும் தெரியும் படங்கள், கடைசிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

ஜனவரி 31க்குள் முழு வருடத்தையும் கட்டினால் 10 வீதம், காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம் கழிவு. நல்லதுதான். ஆனால் பொங்கல் செலவு வரும் மாதத்தில், முன்சொன்ன 9,600இல் கழிவு போக மிஞ்சும் 8,640 ரூபாவை ஒரேயடியாக எண்ணி வைக்க ஓய்வூதியக்காரரால் முடியாது. பெரிய கழிவு கைக்காசு உள்ளவருக்கே போகிறது.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்தைச் சபைக்குக் கொண்டுவருமுன், புதிய பெறுமதிகளின்மேல் 4, 5, 6, 8 வீதங்களில் எவ்வளவு வருமானம் வரும் என்ற அட்டவணையை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வாக்கெடுப்புக்குக் குறைந்தது இரண்டு கிழமை முன்னராவது அது எங்கள் கண்ணில் படவேண்டும்.

இப்படிக்கு,
சோலைவரி செலுத்தும் வீட்டுரிமையாளர்கள்,
திருகோணமலை.