கயலுக்கு, பலகைப் பார்சலோடு

அன்புள்ள கயல்,

பார்சலில் மூன்று பலகை வைத்திருக்கிறேன். பிளைவுட்தான், பலாப்பலகைக்கு இப்போது எங்கே போவது. துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் பூசி, வழவழவென்று தேய்த்தும் விட்டேன். நீ நேரே வேலையை ஆரம்பிக்கலாம். அடியில் பட்டுச்சேலைக் கிழிசல், ஜரிகைத் துண்டு, அப்பாவின் பழைய பஞ்சாங்கம். பருப்புப்பொடி தனி டப்பாவில் இருக்கிறது. ராத்திரியில் வெறும் பிரெட் தின்றுவிட்டுப் படுக்காதே.

"ஒண்ணும் தோணலைம்மா" என்றாய் போனில். ஆடியிலிருந்து இதே பதில்தான். தோணாதது எனக்குப் பெரிய கவலை இல்லை. உன் குரல்தான் எதிரொலிக்கிறது. சாமான் நிறைந்த வீட்டில் அப்படிக் கேட்காது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்றால், முன்பெல்லாம் பின்னாலிருந்தே அவர் பதில் சொல்வார். சரி, அது கிடக்கட்டும்.

தோணினால்தான் அடுப்புப் பற்றவைப்பேன் என்று நான் இருந்திருந்தால் நீங்கள் இருவரும் பட்டினிதான். கை முதலில் ஏதாவது செய்யட்டும், தோணுவது பின்னால் வரும். 1912-ல் பிக்காசோ நாற்காலிப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியைப் படத்தில் ஒட்டி, சுற்றிக் கயிறு வைத்தார், அங்கிருந்துதான் கொலாஜ் என்கிற ஒட்டுப்படமெல்லாம் ஆரம்பம் என்று எனக்கு வகுப்பு எடுத்தாயே. சரபோஜி ராஜா காலத்திலிருந்து கண்ணாடிக் கல்லும் தங்க ரேக்கும் ஒட்டித் தஞ்சாவூர்ப் படம் செய்துகொண்டிருக்கிற தெருவில் நின்றுகொண்டு! அன்றைக்குச் சிரித்தாலும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

நீ விட்டுப்போன அக்ரிலிக் டப்பாக்களை எடுத்து நானும் ஒன்று செய்து பார்த்தேன். ஒரு துண்டுப் பலகையில் மிச்சம் மீதி ரேக்கை ஒட்டினேன். அதன்மேல் ஃபெவிகாலைத் தடிமனாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டுகிற பதத்தில் ஒரே இழுப்பில் நீலம் அடித்தேன். இரண்டாம் தடவை தூரிகை படக்கூடாது, பட்டால் எல்லாம் குழம்பிவிடும். கொஞ்ச நேரத்தில் நீலம் தானே பிளக்க ஆரம்பித்தது. பசை தடித்த இடத்தில் அகலமாக, மெலிந்த இடத்தில் மயிரிழையாக. ஒவ்வொரு பிளவுக்குள்ளும் தங்கம். நம் வேலையில் மக்கு, அந்தச் சாக் பவுடர்-கோந்துக் கலவை, வெடித்தால் கோந்து குறைச்சல் என்று சுரண்டி எறிவோம். இங்கே வெடிப்புதான் வேலையே. அப்பா கிட்டே வந்து பார்த்துவிட்டு, "கொல்லைச் சுவரைக்கூட இப்படியே விட்டிருக்கலாம், சுண்ணாம்புச் செலவு மிச்சம்" என்றார். அவருக்கு அவ்வளவுதான் ரசனை.

நீயும் செய்து பார். படம் வரைய வேண்டாம், விற்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். ஈர வாட்டர்கலரில் கல்லுப்பைத் தூவு, காய்ந்ததும் தட்டிவிட்டுப் பார். செய்தித்தாளை அப்படியே ஒட்டாதே, வெயில் பட்டால் பழுத்துவிடும், ஜெராக்ஸ் எடுத்து ஒட்டு. அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் போடலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் போட்டால் உரிந்து வரும். உனக்குத் தெரியாததா. ராத்திரி சாப்பிடு, அதுவும் உனக்குத் தெரிந்ததுதான், செய்வதில்லை.

பள்ளி லீவில் உன்னைச் சென்னைப் பக்கத்துச் சோழமண்டலத்துக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பித்த கலைஞர்கள் கிராமம். ஓவியம் சோறு போடாது என்று அங்கிருந்தவர்கள் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணி போட்டு விற்றுப் பிழைத்தார்கள். பணிக்கர் அதற்கு முன்பே, ஐம்பது தாண்டிய வயதில், அதுவரை வரைந்த விதத்தை விட்டுவிட்டு ஜாதகக் கட்டமும் புரியாத எழுத்துமாகப் புதிதாக வரையத் தொடங்கியிருந்தார். ஜாதகம் என்றதும் முகத்தைச் சுளிக்காதே, பொருத்தம் பார்த்த கதையை நான் எடுக்க வரவில்லை. உனக்கு முப்பத்திமூன்றுதான் ஆகிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். பஞ்சாங்கத்தைக் கிழித்து ஒட்டு, அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டு மாமி உன் படம் எப்போது வரும் என்று கேட்கிறாள். பெங்களூரில் பெரிய வேலையாக இருக்கிறாள், கண்காட்சிக்குத் தயார் பண்ணுகிறாள் என்று அளந்துவிட்டேன். பெற்றவளுக்கு ஒரு போட்டோ அனுப்ப உனக்கு நேரமில்லை, நான் ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் எனக்கு மட்டும் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி, வரமாட்டார். நான் வந்து ஒன்றும் கேட்கமாட்டேன். மக்கு அரைத்துத் தருகிறேன், சமைத்துப் போடுகிறேன், கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். ஸ்டேஷனுக்கு நீயே வா, வேறு யாரையும் சிரமப்படுத்த வேண்டாம். வராதே என்று மட்டும் போன் பண்ணாதே, டிக்கெட்டை ரத்து செய்ய எனக்குத் தெரியாது.

அம்மா