சேதுவுக்கு ஒரு வட்டிக் கணக்கு

மன்னார்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேது,

வட்டிக்குச் சட்டத்தில் எல்லையே கூடாது என்று வாதாடி பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் நாலு மாதமாக மேஜை டிராயரில் கிடக்கிறது. காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இப்போது பேப்பரை முதலில் படித்துவிட்டு எனக்குச் செய்தி சொல்கிறாள். பாலு மறுபடி வீடு மாறிவிட்டான், இது எத்தனையாவது என்று நீயே எண்ணிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கடை வாசலில் வண்டி போட்டிருக்கும் பூக்காரம்மா, உன் வீட்டம்மா வந்தால் முல்லை ஒரு முழம் கூடவே அளந்து கொடுப்பாரே, அவர் போன புதன்கிழமை விடியுமுன்னே குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். வண்டி அப்படியே நிற்கிறது. ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்த கதம்பம் இரண்டு நாளில் அழுகிவிட்டது, நான்தான் அள்ளிக் கொட்டினேன். எங்கே போனார்கள் என்று மாமியாருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

கடன்தான்.

போவதற்குப் பத்து நாள் முன்னால், மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு மஞ்சள் பையோடு வந்தார். "அண்ணே, இதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க, எனக்குத் தலை சுத்துது" என்றார். பைக்குள் இரண்டு குழுக் கடன் அட்டை, தண்டல்காரர் நோட்டு, கூடவே ஒரு போன். போனில் ஒரு ஆப் கடன். கூட்டினேன். குழு ஒன்றுக்கு மாதம் 2,670. இன்னொன்றுக்கு 2,150. ஆப்புக்கு 1,900. தண்டல் நாளுக்கு 100, மாதம் 3,000. ஆக 9,720 ரூபாய். முகூர்த்த நாள், ஆடி மாதம் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் பூவில் அவருக்கு நிற்பது மாதம் 13,000. வீட்டுக்காரருக்கு வேலை இருந்தால் உண்டு.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், சேது. இதை யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்து வீட்டுக் கூரை போனபோதுதான் அவர் முதலில் தண்டல் வாங்கினார். ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று அது வருஷக்கணக்கில் ஓடியது. "குழுவில சேர்ந்து கடன் எடுத்து இந்தத் தண்டலை அடைச்சிடும்மா, அதுல வட்டி கம்மி" என்று சொன்னவன் நான்தான். அவரும் எடுத்தார், அடைத்தார். இரண்டு மாதத்தில் மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, தண்டல்காரர் மறுபடி வந்தார். இரண்டும் சேர்ந்து நின்றது. பிறகு அதைச் சமாளிக்க மூன்றாவது.

இப்போது உன் பொங்கல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வட்டிக்குச் சட்டத்தில் எல்லை கட்டினால் கொடுப்பவன் ஓடிப்போவான், ஏழைதான் தவிப்பான் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கென்யாவை உதாரணம் காட்டியிருக்கிறாய். 2016-ல் மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 சதவீதம்தான் என்று அங்கே கட்டினார்கள், சிறு வியாபாரிகளுக்குக் கடன் வற்றியது, 2019-ல் கட்டை அவிழ்த்தார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். வாரங்கலில் நீ பேங்க் மேனேஜராக இருந்தபோது கண்ணால் பார்த்ததையும் மறுக்கவில்லை. 2010 அக்டோபரில் ஆந்திரா அவசரச் சட்டம் போட்டதும் குழுக் கடன் வசூல் படுத்தது, புதுக் கடனும் நின்றது, அதே பெண்கள் பழைய வட்டிக்காரர் வாசலுக்குப் போனார்கள்.

நம்மூர்ச் சட்டத்தையே எடுத்துக்கொள். 2003 மே மாதம் சினிமாத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் கடன் நெருக்கடியில் உயிரை விட்டார், அடுத்த மாதமே கந்துவட்டி தடை அவசரச் சட்டம் வந்தது. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றுக்கும் அதில் பெயர் சொல்லி இடம் உண்டு. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 வரை அபராதம். ஆனால் அளவுகோல் என்ன? ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் ஒரு ரூபாய் வட்டி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10,000 ரூபாயைக் கொடுத்து, 100 நாள் தினமும் சைக்கிளில் வந்து வசூலித்தால், 12 சதவீதத்தில் மொத்தம் கிடைப்பது 165 ரூபாய். 165 ரூபாய்க்கு 100 நாள் யார் வருவார்? தண்டல்காரர்கள் 8,500 கொடுத்துவிட்டு 10,000 வாங்குகிறார்கள், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் அது 120 சதவீதம். சட்டத்துக்கும் தெருவுக்கும் பத்து மடங்கு தூரம். ஊரில் கடன் கொடுக்கும் எல்லோருமே குற்றவாளி என்றால் போலீஸ் யாரைத்தான் பிடிக்கும்? ஒரு உயிர் போன பிறகுதான் அந்தச் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். 2017 அக்டோபர் 23 உனக்கு நினைவிருக்கும். மனு மேல் மனு கொடுத்துப் பார்த்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளுமாகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் எரிந்த நாள். சட்டம் வந்து 14 வருஷம் ஆகியிருந்தது.

ஆக 12 சதவீத எல்லை உதவாது என்பதில் நீ சொன்னதுதான் சரி. நாற்பது வருஷத்தில் இந்த ஒரு வாதத்திலாவது உனக்குப் பாதி வெற்றி கொடுத்திருக்கிறேன், உன் வீட்டம்மாவிடம் சொல்லிப் பாயசம் வைக்கச் சொல். ஆனால் அந்தப் பாதியோடு நிறுத்திக்கொள். அதனால் எல்லையே வேண்டாம் என்று நீ அடுத்த படி ஏறுகிறாயே, அதை என்னால் ஏற்க முடியாது. பூக்காரம்மாவின் அட்டைகளைப் பார்த்த பிறகு கொஞ்சமும் முடியாது.

முதல் அட்டையைச் சொல்கிறேன், நீ பக்கத்தில் கால்குலேட்டர் வைத்துக்கொள். கடன் 50,000. 24 மாதம், மாதம் 2,670. செயலாக்கக் கட்டணம், ஜிஎஸ்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 47,900. கொடுத்த பையன் சொன்னது "ஒன்னேகால் வட்டிகூட இல்லைக்கா." பொய் இல்லை. கட்டப்போகும் கூடுதல் பணம் 14,080, அதை 50,000-க்கு 24 மாதத்தில் பிரித்தால் மாதம் 1.17 வருகிறது. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறதே! அப்படிப் பார்த்தால் அதே கடன் ஆண்டுக்கு 25 சதவீதம். கையில் வராத 2,100 ரூபாயையும் சேர்த்தால் ஏறக்குறைய 30. ஒரே கடனுக்கு மூன்று எண். பூக்காரம்மா காதில் விழுந்தது முதல் எண் மட்டும். அவர் அதைத் தண்டலோடு ஒப்பிடவில்லை, தெருவில் இரண்டு வட்டி மூணு வட்டிக்குக் கொடுப்பவர்களோடு ஒப்பிட்டு, இது மலிவு என்று நினைத்தார். நானும்தான் நினைத்தேன்.

இந்தக் குழுக் கடன்களுக்கு முன்பு ஒரு எல்லை இருந்தது, உனக்குத் தெரியாததில்லை. ஆந்திரா குழப்பத்துக்குப் பிறகு ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் கமிட்டி 24 சதவீதம் என்று சொல்லி, ரிசர்வ் வங்கி 26 என்று வைத்தது. பிறகு நிறுவனம் வாங்கும் பணத்தின் விலைக்கு மேல் 10 அல்லது 12 சதவீதம், இல்லையென்றால் ஐந்து பெரிய வங்கிகளின் அடிப்படை விகிதச் சராசரியின் 2.75 மடங்கு, இரண்டில் எது குறைவோ அது. அந்த எல்லைக்குள்தான் அந்தத் தொழில் பத்து வருஷம் வளர்ந்தது, ஓடிப்போகவில்லை. கென்யாவைச் சொன்ன உன் பேனா இதை ஏன் சொல்லவில்லை? 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் போர்டே வட்டியை முடிவு செய்யலாம், கொள்ளை வட்டியாக மட்டும் இருக்கக் கூடாது என்றார்கள். அதற்கு அடுத்த மாதமே, ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் லேவாதேவிச் சட்டம் பொருந்தாது என்று கேரளா, குஜராத் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிரெடிட் கார்டுக்கு 30 சதவீதம் என்று நுகர்வோர் ஆணையம் 2008-ல் போட்ட கோடும் 2024 டிசம்பரில் போயிற்று, அது ரிசர்வ் வங்கியின் வேலை என்று. சரி, அந்த வேலையை ரிசர்வ் வங்கி செய்யட்டுமே! 2024 அக்டோபரில் நாலு நிறுவனங்களைப் புதுக் கடன் கொடுக்க விடாமல் நிறுத்தினார்கள், வட்டி மிதமிஞ்சியது என்பதும் காரணம். மிதம் எவ்வளவு என்ற எண் மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை.

எல்லைக்குப் பதிலாக வேறு காவல் வைத்திருக்கிறார்கள் என்று நீ சொல்வாய். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்கிற விதி. நல்ல விதிதான். பூக்காரம்மாவின் விண்ணப்பத்தில் மாத வருமானம் 24,000 என்று எழுதியிருக்கிறது. "எவ்வளவு போடணும்னு அவங்களுக்கே தெரியும்ணே, நான் கையெழுத்துதான் போட்டேன்" என்றார். இதில் பாதி 12,000. இரண்டு குழு, ஒரு ஆப், கூட்டினால் 6,720. விதிக்குள் அடங்கிவிட்டது! நிஜ வருமானத்தைப் போட்டிருந்தால் எல்லையே 6,500-தான். தண்டல் எந்தக் கணக்கிலும் வரவே வராது. வருமானம் என்ற கட்டத்தில் எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளலாம், சேது. கையில் கொடுத்தது எவ்வளவு, திரும்ப வாங்கியது எவ்வளவு என்பதை அப்படி எழுத முடியாது. அட்டையைப் பார்த்து பத்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். வட்டி எல்லை வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதற்குத்தான்.

கடன் கொடுப்பவனும் பிழைக்கிற உயரத்தில் எல்லையை வை. தெருத் தண்டலுக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என்று வேண்டுமானால் வை. ஆனால் எல்லோருக்கும் வை, கட்டணம் இன்ஷூரன்ஸ் எல்லாம் உள்ளே அடங்குகிற மாதிரி வை. அதற்கு மேல் ஒன்று கட்டாயம் வேண்டும். எத்தனை தடவை தவறினாலும், எத்தனை அபராதம் ஏறினாலும், அசலுக்கு மேல் ஒரு மடங்குதான், அதோடு நின்றுவிட வேண்டும். லெஸ்டரில் இருக்கும் உன் மகளைக் கேள். 2015 ஜனவரியில் இங்கிலாந்தில் சம்பள நாள் கடன்களுக்கு அப்படித்தான் கட்டினார்கள். நாளுக்கு 0.8 சதவீதம் என்ற அவர்கள் வட்டி நம் தண்டலைவிடக் கொடுமை, அது நமக்கு வேண்டாம். ஆனால் மொத்தத்தில் அசலைத் தாண்டக் கூடாது என்றார்களே, அது வேண்டும். நமக்கு ஒன்றும் அது புதிதில்லை. இந்து தர்ம சாஸ்திரத்திலேயே உண்டு, பம்பாய்ப் பக்கத்துக் கோர்ட்டுகளில் தாம்துபட் என்று அமல் செய்தார்கள். நம் மதராஸ் மாகாணத்தில் அதை விட்டுவிட்டார்கள்.

உன் வீட்டம்மா மலையாளத்தில் வட்டியைப் 'பலிச' என்பார்களே, நாம் கிண்டல் செய்வோமே, அது நம்ம தஞ்சாவூர்ச் சொல்தான். பெரிய கோயில் கல்வெட்டில் 'பொலிசை' என்று நிற்கிறது. ராஜராஜன் காலத்தில் கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கொடுத்து, காசு ஒன்றுக்கு வருஷம் அரைக்கால் காசு வாங்கினார்கள். எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். அசல் எவ்வளவு, பொலிசை எவ்வளவு, யார் கட்ட வேண்டும், எல்லாம் போகிறவர் வருகிறவர் படிக்கிற சுவரில். எனக்கு அந்த வட்டியைவிட அந்தச் சுவர்தான் பிடித்திருக்கிறது.

இனிமேல்தான் உன்னிடம் வேலை. குழு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூக்காரம்மா போய்விட்டதால் அவர் தவணையை மீதி ஒன்பது பெண்களும் பிரித்துக் கட்ட வேண்டும் என்று மீட்டிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதில் இட்லிக்கடை அம்மா ஒருத்தி நேற்று என்னிடம் வந்து அழுதாள். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறார்களாம். சாயங்காலம் ஆறுக்கு மேல் வசூலுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் நம் சட்டசபையும் தனியாகச் சட்டம் போட்டிருக்கிறது. எதன் கீழே, யாருக்கு, எப்படி மனு எழுதினால் நிற்கும் என்பது உனக்குத்தான் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நீ.

இரண்டு அட்டை, தண்டல் நோட்டு, ஆப் திரை எல்லாவற்றின் ஜெராக்ஸும் இதோடு இருக்கிறது. மீதி ஒன்பது பேரின் அட்டைகளையும் நாளைக்கு வாங்கி எடுத்து வைக்கிறேன். அடுத்த சென்டர் மீட்டிங் வருகிற செவ்வாய் இல்லை, அதற்கடுத்த செவ்வாய். எனக்கு மறுப்பு எழுதுவதை அப்புறம் வைத்துக்கொள், முதலில் மனுவை எழுதி அனுப்பு. முடிந்தால் நேரில் வா. மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

வண்டியைக் கடைக்குப் பின்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று.

அன்புடன்,
உன்
மணி