பூச்சிக்குப் பேர் சொல்ற வேலைக்கும் ஆள் எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பொண்ணு ஜுவாலஜி படிச்சு குளவி வகைப்பாட்டுல, அதாவது எது எந்த இனம்னு பிரிச்சுப் பேர் சொல்ற படிப்புல, பிஎச்.டி. முடிச்சிருக்கா. குளவின்னதும் சுவத்துல மண்கூடு கட்டுமே அதை நினைக்காதீங்க, இது கடுகுல பாதி கூட இருக்காது. ஊசியில குத்த முடியாதுன்னு சின்னதா முக்கோணமா அட்டை வெட்டி அதோட நுனியில துளி கோந்து வச்சு ஒட்டுவா, அது முடியுற வரைக்கும் வீட்ல ஃபேன் போடக்கூடாது, மே மாசம்னாலும் வேர்த்து ஊத்திக்கிட்டுதான் உக்காந்திருப்போம். அப்புறம் கீழ ஒரு லேபிள், எந்த ஊர்ல, எந்தச் செடியில, என்னைக்குப் புடிச்சதுன்னு எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல. லேபிள் இல்லாத பூச்சி குப்பைக்குத்தாம்மா போகணும்னு சொல்லுவா.

பூச்சிக்குப் பேர் வைக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு சொந்தக்காரங்க கேக்காத நாள் இல்ல. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்துலயும் வெள்ளை வெள்ளையா அப்பிக்கிச்சு, எந்த மருந்தும் சரியா கேக்கல. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டாங்க, அடங்கிடுச்சு. இது இன்ன பூச்சி, இதை அழிக்கிறது இன்ன குளவின்னு பேர் சொல்லத் தெரிஞ்ச ஆள் இருந்ததாலதான் அது நடந்துச்சு. ஆப்பிரிக்காவுல 1970கள்ல மரவள்ளி மாவுப்பூச்சி வந்தப்போ அதே மாதிரி இருக்கிற வேற பூச்சியைப் பாத்து ஏமாந்து, அதை அழிக்கிற குளவிகளைக் கொண்டுபோய்ப் பாத்து ஒண்ணும் நடக்கல, சரியான பூச்சியை 1981லதான் பராகுவேல கண்டுபிடிச்சாங்க, இடையில எத்தனை வருஷம் போச்சு பாருங்க.

இந்தப் படிப்புக்கு நம்ம சென்னை சாதாரண ஊர் இல்லைங்க. இலைப்பேன்னு செடியில சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி இருக்கே, அந்த ஆராய்ச்சியில உலகத்துக்கே தெரிஞ்ச டி.என்.அனந்தகிருஷ்ணன் லயோலா கல்லூரியில வேலை பாத்தவர், பின்னாடி இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கே இயக்குநரா போனார். அந்த ஊர்லதான் என் பொண்ணு மாதிரி பிள்ளைங்க மூணு வருஷ பிராஜெக்ட், அது முடிஞ்சா இன்னொரு பிராஜெக்ட்னு அலையுதுங்க. போன மாசம் ஒரு இன்டர்வியூல உங்க பேப்பருக்கு இம்பேக்ட் ஃபேக்டர் எவ்வளவுன்னு, அதாவது அது வந்த ஜர்னல்ல இருக்கிற பேப்பருங்களை மத்தவங்க எவ்வளவு மேற்கோள் காட்டுறாங்கன்னு, கேட்டு அஞ்சே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. குளவிக்குப் பேர் வச்ச பேப்பரை வருஷத்துக்கு நாலு பேர்தான் எடுத்துப் பாப்பாங்க, ஆனா ஐம்பது வருஷம் கழிச்சும் எடுத்துப் பாக்க ஆள் இருக்கும்னு அவ சொல்லப் பாத்திருக்கா, கேக்கத்தான் ஆள் இல்ல.

வகைப்பாடு தெரிஞ்ச ஒருத்தர் ரிட்டயர் ஆனா அந்த இடத்துக்கு வகைப்பாடு தெரிஞ்ச ஆளையே போடணும், அதுவும் அவர் இருக்கும்போதே போடணும், ஏன்னா இது பக்கத்துல உக்காந்து மைக்ராஸ்கோப்ல பாத்துப் பழகுற வேலை. அரசாங்கம் இதைக் கவனிக்கணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன். பொண்ணு இப்போ ஓஎம்ஆர்ல மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போறா, அவ பூச்சிப் பெட்டிங்க ரெண்டும் எங்க பீரோ மேல இருக்கு, நாப்தலின் உருண்டை தீராம பாத்து நான்தான் மாத்தி வச்சிட்டிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
பெரம்பூர், சென்னை.